ரயில் பாலத்துக்குத் துணைபோனவள்

தார் பூசிய பலகை மழையில் நனைந்து வெயிலில் காயும்போது ஒரு வாடை எழுமே, அது மூக்கில் ஏறினாலே எனக்கு இன்றைக்கும் வயிறு எரியும். வயிற்றுக் கோளாறு ஒன்றுமில்லை, பொறாமைதான். பேரப்பிள்ளைக்குக் கல்யாணம் முடித்த கிழவிக்கு இதைச் சொல்ல இனி என்ன வெட்கம்?

முப்பதுகளின் தொடக்கத்தில், எனக்குப் பத்து வயது நடக்கையில், என் அக்கா கோமதியைத் திருவட்டாற்றுப் பக்கம் ஒரு பள்ளிக்கூட வாத்தியாருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அம்மா எந்நேரமும் வயலும் களமுமாக அலைந்ததால் என்னைக் குளிப்பாட்டியது, பேன் பார்த்தது, காய்ச்சல் வந்தால் கஞ்சி ஊட்டியது எல்லாம் அக்காதான். அவள் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொள்ளாமல் எனக்குத் தூக்கம் வராது. அப்படிப்பட்டவளை எங்கிருந்தோ வந்த ஒரு மூக்குக்கண்ணாடிக்காரர் தாலி கட்டிய மூன்றாம் நாளே வண்டியேற்றிக் கொண்டுபோனால் எனக்கு எப்படி இருந்திருக்கும், நீங்களே சொல்லுங்கள்.

புதுப்பெண்ணும் மாப்பிள்ளையும் முதல் சில மாதங்கள் தனியாக எங்கும் போவதில்லை என்பது அன்று எங்கள் வழக்கம். பெண்வீட்டிலிருந்து ஒரு சின்னப் பிள்ளையை "துணைக்கு" அனுப்புவார்கள். ஊர்வாயை அடைப்பதற்கான ஏற்பாடு அது என்பது எனக்கு எங்கே தெரியும்? பயந்தவர்களுக்குத்தானே துணை வேண்டும், அக்கா அந்த மனுஷரைக் கண்டு பயந்து கிடக்கிறாள், அதனால்தான் என்னை அனுப்புகிறார்கள் என்று நானாக முடிவு கட்டிக்கொண்டேன். புறப்படும்போது அம்மாவும், "அக்காள விட்டு நவுராத, கேட்டியா" என்று சொல்லிவிட்டாள். போதாதா எனக்கு?

அந்தப் புரட்டாசியில் அத்தான் எங்களை "ரயில் பாலம்" பார்க்கக் கூட்டிப்போனார். எங்கள் பக்கம் அப்போது ரயிலே கிடையாது. குலசேகரத்துக்கு அப்பால், மலையிலிருந்து வெட்டின மரத்தடி இறக்கத் தோட்டத்துத் துரைமார் சின்னதாக ஒரு இருப்புப்பாதை போட்டிருந்தார்களாம்; கட்டுப்படியாகாமல் தண்டவாளத்தைப் பிடுங்கிக்கொண்டு போன பிறகு ஆற்றுக்குள் கருங்கல் தூண்கள் மட்டும் நின்றிருக்கின்றன. அவற்றின்மேல் தார் பூசிய பலகை பரப்பி, இருபுறமும் கம்பி கட்டி, ஆள் நடக்கிற பாலமாக்கிவிட்டார்கள். அதன் நடுவில் நின்றால் மலை முழுசாகத் தெரியும் என்று சொல்லி, ரயிலைக் கண்ணால் பார்த்திராத சனம் வண்டி கட்டிக்கொண்டு வந்தது. எங்கள் வண்டியில் அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நான். இறங்கி நடக்கும்போதும் நடுவில் நான். அத்தான் இந்தப் பக்கம் வந்தால் நானும் இந்தப் பக்கம் வந்து நின்றுகொண்டேன்.

பாலத்து முகப்பில் இருந்த காவல்காரர், செருப்போடு போனால் வழுக்கும், கழற்றிப் போடுங்கள், ஒரு நேரத்துக்கு இரண்டு பேர்தான் போகலாம் என்று சொல்லிவிட்டார். நான் உடனே அக்காவின் கையைப் பிடித்தேன். வாய்க்காலுக்குக் குறுக்கே கிடக்கும் தென்னந்தடியில் நடப்பதற்கே நடுங்குகிறவள் அவள். என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்? அக்கா என் விரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள்.

"நீ இங்கினயே நில்லு மக்கா. நாங்க போயிட்டு வாறோம்."

கரையில் அத்தானின் தோல் செருப்புக்குக் காவலாக நான் நின்றேன். அவர்கள் நடுப்பாலம் வரை போனார்கள். அவர் மலையைக் காட்டி என்னவோ சொல்ல, அக்கா கம்பியைக்கூடப் பிடிக்காமல் நின்று வாய்விட்டுச் சிரித்தாள். வீட்டில் என்னோடு இருந்த அத்தனை வருஷத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. பயந்தவள் சிரிக்கிற சிரிப்பா அது? அவளுக்குத் துணையே வேண்டாம், நான் வெறும் பேருக்கு வந்தவள் என்பது அப்போதுதான் உறைத்தது. ஒரு செருப்பைக் காலால் ஆற்றுக்குள் தள்ளிவிட்டேன்.

திரும்பி வந்த அத்தான் ஒற்றைச் செருப்பைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"ஏட்டி, என்ன காரியம் செய்து வச்சிருக்க?"

"சாரமில்ல, விடு. பச்சப்பிள்ள" என்றார் அவர். மற்றச் செருப்பையும் எடுத்து ஆற்றில் வீசிவிட்டு, என்னைக் கூட்டிப்போய்ப் பாலத்தைக் காட்டிக்கொண்டு வந்தார். சரளைக்கல்லில் வெறுங்காலோடு வண்டி வரைக்கும் நடந்தார். அவர் திட்டியிருந்தால் அம்மாவிடம் சொல்லி அழுதிருப்பேன், எனக்கும் ஒரு நியாயம் கிடைத்திருக்கும். அந்த நேரத்தில் அக்கா அவரைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்கு நான் நாலு அடி வாங்கியிருந்தால் தேவலை.

இன்று அந்தப் பாலம் இல்லை. ஒரு வெள்ளத்தில் பலகை போயிற்று. தூண்களையும் உடைத்து ரோட்டுக்குப் போட்டுவிட்டார்கள். நாலு வருஷத்துக்கு முன்னால் அத்தானும் போய்ச் சேர்ந்தார். ஊரே அழுதது, நானும் அழுதேன். ஆனால் அழுகைக்கு நடுவில், இனி அக்கா எனக்குத்தான் என்று மனசின் ஒரு மூலை சந்தோஷப்பட்டது. பாவிதான் நான், மறைக்கவில்லை. வருஷத் திவசம் கழிந்ததும் அவளைக் கையோடு என் வீட்டுக்குக் கூட்டிவந்து, என் கட்டிலுக்குப் பக்கத்தில் அவளுக்கும் ஒரு கட்டில் போட்டு, அவளுக்குப் பிடித்ததாகப் பார்த்துப் பார்த்துச் சமைத்தேன். ஒன்பதாம் நாள் காலையில் பையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றாள். இங்கே உனக்கு என்ன குறை என்று கேட்டேன்.

"ஒரு கொறயும் இல்ல ஏட்டி. அவிய இருந்த எடத்துல கெடக்கணும்போல இருக்கு."

நானே கூடப்போய் பஸ் ஏற்றிவிட்டேன். உயிரோடு இருந்த மனுஷரையே என்னால் ஜெயிக்க முடியவில்லை. செத்தவரை எப்படி ஜெயிப்பது?