எங்கள் ஊரில் ‘எழவில்லை’

கொஞ்ச நாளாக இந்தப் பக்கத்தில் உங்கள் மாமியாரைக் காணோமே, உடம்புக்கு ஏதாவது முடியவில்லையா என்று வாசகர்கள் சிலர் விசாரித்திருந்தீர்கள். நன்றி. அத்தை நன்றாகத்தான் இருக்கிறார். வீட்டை விட்டுப் போயிருந்தார். நேற்று முன்தினம்தான் திரும்பி வந்தார்.

சண்டையா? இல்லை. என் மனைவி செல்வி சத்தியமாகத் தன் அம்மாவோடு சண்டை போடவில்லை. நானும் போடவில்லை — எனக்கு அந்தத் துணிச்சல் கிடையாது. சாவதற்கு வசதியான ஊராகப் பார்த்துப் போயிருந்தார், அவ்வளவுதான்.

அந்த ஊர் என் சகலையின் ஊர். அங்கேதான் எனக்கு வயிறு எரிய ஆரம்பித்தது.

சகலை குமரவேல், செல்வியின் தங்கையைக் கட்டியவர். நல்ல மனிதர். அதுதான் பிரச்சினையே... கெட்டவராக இருந்தால் நிம்மதியாகத் திட்டிவிட்டுத் தூங்கலாம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போய், கீழ்புத்துப்பட்டைத் தாண்டினால் புதுச்சேரி எல்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் அவர் வீடு. இந்தப் பக்கம், மரக்காணத்து உப்பளங்களை ஒட்டிய ஊரில் நாங்கள். அதே கடல், அதே வெயில், அதே புயல். சட்டசபை மட்டும் வேறு.

அந்த வித்தியாசம் சாதாரணமானது இல்லை. அவர்கள் தொகுதி கைக்குட்டை அளவு. எம்.எல்.ஏ. ஸ்கூட்டரில் வருவார். தெருவில் நிற்கிறவனைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார். யார் வீட்டில் குழாய் வரவில்லை, யார் வீட்டில் மருமகள் கோபித்துக்கொண்டு போயிருக்கிறாள் எல்லாம் அவருக்குத் தெரியும். எங்கள் தொகுதியில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போக பஸ் மாறிப் போக வேண்டும். எங்கள் எம்.எல்.ஏ.வை நான் நேரில் பார்த்ததைவிடக் கல்யாண பேனர்களில் பார்த்ததுதான் அதிகம்.

சகலைக்கு அவருடைய எம்.எல்.ஏ. மேல் ஏகப்பட்ட பெருமை. சட்டசபை நடந்தால் போதும், என் வாட்ஸ்அப்புக்கு வீடியோ வந்துவிடும். ஒருநாள் வந்த வீடியோவை நான் இன்னும் அழிக்கவில்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் எரிகிறது, ஆனாலும் பார்க்கிறேன்.

அதில் அவர் ஊர் சுடுகாட்டுப் பாதையைப் பற்றி எம்.எல்.ஏ. கேட்கிறார்.

“போன பட்ஜெட்ல அந்த ரோட்டுக்கு நிதி ஒதுக்கினீங்களே, அது என்னா ஆச்சுங்க?”

“டெண்டர் விடும் நிலையில் உள்ளது” என்கிறார் அமைச்சர்.

“எப்ப விடுவீங்க?”

“விரைவில்.”

“விரைவில்னா எந்த மாசம்? செத்தவங்கள வெயிட் பண்ணச் சொல்ல முடியாதுங்களே!”

சபையே சிரிக்கிறது. அமைச்சரும் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே ஒரு மாதத்தின் பெயரைச் சொன்னார். சொன்ன மாதம் தாண்டித்தான் வேலை ஆரம்பித்தது என்றாலும், ஆரம்பித்ததே! இப்போது அங்கே பேவர் பிளாக் போட்ட பாதை. உயரமான கம்பத்தில் விளக்கு. குழாயைத் திறந்தால் தண்ணீர். வந்தவர்கள் உட்கார ஸ்டீல் பெஞ்சு போட்ட ஷெட். திறந்த அன்றைக்கே சகலை அங்கே நின்று ஒரு செல்ஃபி எடுத்து எனக்கு அனுப்பினார். கீழே கட்டைவிரல் பொம்மை வேறு.

உங்களில் யாராவது அடுத்தவன் ஊர் சுடுகாட்டைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறீர்களா? நான் பட்டேன். அடுத்தவன் காரைப் பார்த்து வராத பொறாமை, அடுத்தவன் பிள்ளையின் மார்க்கைப் பார்த்து வராத பொறாமை, அந்த பேவர் பிளாக்கைப் பார்த்து வந்தது. காரணம் இருக்கிறது.

எங்கள் ஊர் சுடுகாட்டுக்குப் பாதை என்று ஒன்று கிடையாது. தெரு முடிந்ததும் உப்பளம். உப்புப் பாத்திகளுக்கு நடுவில் ஓடும் வரப்புதான் வழி. நடுவில் ஓர் ஓடை. வெயில் காலத்தில் பிரச்சினை இல்லை. மழைக்காலத்தில் பாத்தி எது, ஓடை எது, வரப்பு எது என்று ஒன்றும் தெரியாது... எல்லாம் ஒரே தண்ணீர்.

போன மழையில் பக்கத்து வீட்டு முருகேசன் இறந்துபோனார். உப்பளத்தில் உப்பு வாருகிறவர். பாடையில் நானும் ஒரு பக்கம் தோள் கொடுத்தேன். இடுப்பளவு தண்ணீர். காலுக்குக் கீழே களிமண் வழுக்குகிறது. ஓடைக்கு நடுவில் முன்னால் போனவருக்குக் கால் இடறிவிட்டது. பாடை சாய்ந்தது. முருகேசனின் ஒரு கை வெளியே வந்து தண்ணீரில் விழுந்தது. நாங்கள் எப்படியோ தூக்கி நிமிர்த்தினோம். அன்றைக்கு யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

தெருமுனையில் பெண்களோடு நின்றிருந்த அத்தை அதைப் பார்த்துவிட்டார். நான் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்ததும் கேட்டார்.

“அந்த மனுசன் ஆயுசு பூரா உப்புத் தண்ணியிலயே நின்னாரு. செத்தப்புறமும் அதுலயே எறக்கிட்டீங்களே, மாப்ள?”

நான் எழுந்து போய் ஈர வேட்டியைப் பிழிந்து கொடியில் போட்டேன்.

பொங்கல் முடிந்ததும் துணிப்பையை எடுத்துக்கொண்டார். “என்னைய அப்படித் தூக்கிட்டுப் போவாதீங்க. நான் சின்னவ வூட்டுக்குப் போறேன். அங்க ரோடு இருக்குது, லைட்டு இருக்குது. போறப்ப கால் நனையாம போவேன்.”

“அத்தை, அதுக்கு இன்னும் எவ்ளோ வருசம் இருக்குது...”

“இருக்கட்டும். இப்பவே போய் ஒரு எடம் புடிச்சிக்கிறேன்.”

என்னவோ பஸ்ஸில் துண்டு போட்டு சீட் பிடிப்பது மாதிரி சொன்னார். செல்வி அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை, பொறாமைதான் வந்தது. இத்தனை வருடம் என் வீட்டில் என் மனைவி கையால் சாப்பிட்டவர். என் எழுத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு ‘சுமார்தான்’ என்றவர். கடைசிக் காரியம் மட்டும் சகலை வீட்டிலா? நாளைக்கு ஊரில் என்ன பேசுவார்கள்? பெரிய மாப்பிள்ளையால் முடியவில்லை, சின்ன மாப்பிள்ளை ராஜ மரியாதையோடு அனுப்பி வைத்தார் என்றல்லவா பேசுவார்கள்!

சகலை போன் செய்தார். “கவலப்படாதீங்க சகல. அத்தைய நான் பாத்துக்கறேன். இங்க எல்லா வசதியும் இருக்குது.”

அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்குக் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியது போல இருந்தது.

அவர்கள் எம்.எல்.ஏ. கேட்டால் எங்கள் எம்.எல்.ஏ.வுக்கும் கேட்கத் தெரியாதா? அடுத்த நாளே கிளம்பிப் போனேன். காத்திருந்து பார்த்தேன். மனிதர் அன்பாகவே பேசினார்.

“இதுக்கா சார் இவ்ளோ தூரம் வந்தீங்க? இந்தக் கூட்டத்தொடர்லயே கேட்டுடலாம். நீங்க எழுத்தாளர். கேள்விய நல்லா எழுதிக் குடுங்க.”

எழுதிக் கொடுத்தேன். ஒரு கமா பிசகாமல் எழுதினேன். (அ) மேற்படி ஊரில் சுடுகாட்டுக்குச் சிறுபாலத்துடன் சாலை அமைக்கும் திட்டம் அரசிடம் உள்ளதா? (ஆ) இருப்பின், எப்போது அமைக்கப்படும்?

கேள்வி எடுத்துக்கொள்ளப்பட்டது. போன வாரம் பதிலும் வந்தது. எம்.எல்.ஏ.வின் உதவியாளர் வீடியோவை அனுப்பியிருந்தார். பஷீர் பாய் டீக்கடையில் எல்லோரையும் கூட்டி வைத்துப் பெருமையாகப் போட்டுக் காட்டினேன். சகலைக்கும் அனுப்பலாம் என்று விரல் துறுதுறுத்தது. நல்லவேளை, முழுதாகப் பார்த்துவிட்டு அனுப்பலாம் என்று விட்டேன்.

அமைச்சர் எழுந்தார். பேப்பரைப் பார்த்துப் படித்தார்.

“(அ) இல்லை. (ஆ) எழவில்லை.”

உட்கார்ந்துவிட்டார்.

பாய்தான் முதலில் வாயைத் திறந்தார்.

“என்னாங்க சார், எழவு இல்லைன்றாரு? போன மழையில நம்ம முருகேசன் போனாரே, அது என்னாவாம்?”

“அய்யோ, அந்த எழவு இல்ல பாய். எழ-வில்லை. திட்டம் இருக்குதான்னு முதல் கேள்வி. அதுக்கு இல்லைன்னுட்டாரு. திட்டமே இல்லாதப்ப, எப்போங்கற ரெண்டாவது கேள்வி எழலைன்னு அர்த்தம்.”

பாய் டீயை ஆற்றுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

“அதான் நாம கேட்டுட்டோமே சார். கேட்டப்புறம் எப்டி எழாம போவும்?”

வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. துணைக்கேள்வி கேட்க எங்கள் எம்.எல்.ஏ. எழுந்தார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இப்போது பிடிப்பார் பாருங்கள் என்றேன். அவர் தலைவருக்கு நன்றி சொன்னார். அவைக்கு நன்றி சொன்னார். தொகுதி மக்களுக்கு, அமைச்சருக்கு, அமைச்சரின் துறைக்கு நன்றி சொன்னார். அவைத் தலைவர் “கேள்விக்கு வாங்க” என்றார். வந்தார்.

“மாண்புமிகு அமைச்சர் அவர்கள் எங்கள் தொகுதிக்கு ஒருமுறை வருகை தருவாரா?”

“பரிசீலிக்கப்படும்.”

மேசையைத் தட்டினார்கள். வீடியோ முடிந்தது.

எங்கிருந்து, எங்கே போய் முடிந்தது பாருங்கள். அங்கே ஒருவர் ‘எந்த மாசம்’ என்று விடாமல் பிடித்தார். இங்கே நன்றி சொல்லியே நேரம் போய்விட்டது. எனக்கு வந்த எரிச்சலில் டீக்குக் காசு கொடுக்காமல் எழுந்து வந்துவிட்டேன். பாயும் கேட்கவில்லை.

அதற்குள் டீக்கடைச் செய்தி தெருவுக்குள் போய்விட்டது. என் விளக்கம் எதுவும் போகவில்லை. ‘நம்ம ஊர்ல எழவே இல்லைன்னு மினிஸ்டர் சொல்லிட்டாராம்’ — இது மட்டும் போயிருக்கிறது. சாயங்காலம் முருகேசனின் மனைவி வாசலில் வந்து நின்றார். உப்பளத்திலிருந்து நேராக வந்திருந்தார், காலெல்லாம் வெள்ளை பூத்திருந்தது.

“சார், எங்கூட்டுக்காரரு சாவலைன்னு சட்டசபையில சொல்லிட்டாங்களாமே? விதவைப் பென்சனை நிறுத்திடுவாங்களா சார்?”

அவரை உட்கார வைத்துப் பொறுமையாக விளக்கினேன். அது வேறு எழ, இது வேறு எழவு. தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். போகும்போது, “அப்ப ரோடு வராது. அதான சார்?” என்றார்.

ஆமாம். அதுதான் அந்த அழகான சொல்லின் பொருள்.

செல்வி அவள் அம்மாவுக்குப் போனில் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். எனக்கு அதுதான் பெரிய அவமானமாக இருந்தது. சகலை வீட்டுக் கூடத்தில் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டிருப்பார்கள். சகலை பரிதாபமாக உச்சுக் கொட்டியிருப்பார். பொறாமைப்படுகிறவனுக்கு எதிராளி சிரித்தால்கூடப் பரவாயில்லை, பரிதாபப்பட்டால்தான் தாங்காது.

நேற்று முன்தினம் காலையில் வாசலில் ஆட்டோ சத்தம். அத்தை இறங்கினார். அதே துணிப்பை. பின்னால் சகலை, முகமெல்லாம் வேர்த்துப்போய்.

“எவ்ளோ சொல்லியும் கேக்க மாட்டேன்றாங்க சகல. பஸ் ஸ்டாண்டுல வந்து தனியா நின்னாங்க. வேற வழியில்லாம கூட்டிட்டு வந்தேன்.”

சொல்லட்டுமா? அந்த நிமிடம் எனக்குள் ஒரு குதியாட்டம். வந்துவிட்டார்! சகலையின் பேவர் பிளாக் தோற்றது, என் மனைவியின் கைமணம் ஜெயித்தது! குரலில் எதுவும் தெரியாமல் கேட்டேன்.

“என்னா அத்தை, அங்க சரிப்படலையா?”

“அங்க என்னா கொறச்சல்? சின்ன மாப்ள ராணி மாதிரி வச்சிருந்தாரு.” என் குதியாட்டம் அத்தோடு நின்றது.

“அப்புறம் ஏன் வந்துட்டீங்க?”

பையை ஓரமாக வைத்தார். தண்ணீர் வாங்கிக் குடித்தார். பிறகு சொன்னார்.

“இந்த ஊர்ல எழவே இல்லைன்னாராமே அந்த மினிஸ்டரு? அதான் வந்தேன்.”

“அத்தை, அது அப்படி இல்ல. எழ-வில்லைன்னா...”

“தெரியும் மாப்ள. சின்ன மாப்ள அர்த்தம் சொன்னாரு. எங்க போறதுன்னு ஒரு முடிவு பண்ணிட்டேன். அங்க செத்தா ஒருத்தரும் ஒன்னும் கேக்கப் போறதில்ல, வசதியா கொண்டுபோயிடுவாங்க. இங்கயே சாவறேன். அதுவும் நல்ல மழையில சாவறேன். அன்னிக்கி தெருவுல நிக்கிற அத்தனை பேரும் போன்ல புடிச்சி சென்னைக்கு அனுப்புங்க. கேள்வி எழுவுதா, இல்லையான்னு அப்பப் பாக்கட்டும்.”

செல்வி ஓடி வந்து அவர் வாயைப் பொத்தினாள். சகலை தலையைக் குனிந்துகொண்டார். நான் எத்தனையோ தடவை போனில் கெஞ்சியும் வராதவரை, ஒரே ஒரு சொல்லால் வரவழைத்துவிட்டாரே அந்த அமைச்சர்... இப்போது எனக்கு அவர் மேலும் பொறாமை. ஆனால் அதைவிட அதிகமாக இருப்பது பயம்.

மாண்புமிகு அமைச்சர் அவர்களே, ஐப்பசி பிறப்பதற்குள் அந்த ரோட்டைப் போட்டுவிடுங்கள். என் மாமியார் சொன்ன சொல் தவறாதவர்.