அசல் தைப்பிங்

ஐம்பத்தாறாம் ஆண்டு அருமைநாயகிக்குப் பன்னிரண்டு வயது. அவள் பிறந்த ஊர் மலாயாவில் இருக்கிற தைப்பிங். தகப்பன் சோமசேகரம் அங்கே றெயில்வேயில் கிளார்க்காக இருந்தவர். பென்சன் எடுத்ததும் பெண்சாதியையும் மகளையும் கூட்டிக்கொண்டு கப்பலேறிக் கொழும்புக்கு வந்து, ரயிலில் சுன்னாகம் வந்து, அங்கிருந்து வாடகைக் காரில் பண்டத்தரிப்புக்கு வந்து சேர்ந்தார். தம்பியாரைக்கொண்டு முன்கூட்டியே கட்டுவித்த புது வீடு. கார் நின்றதும் அருமைநாயகி முன்மதிலில் இருந்த பெயரை எழுத்துக் கூட்டி வாசித்தாள். 'தைப்பிங்' என்று இருந்தது. வழிநெடுகச் சத்தி எடுத்துக்கொண்டு வந்த பிள்ளை 'ஓ' என்று அழத் தொடங்கிவிட்டாள். இவ்வளவு தூரம் வந்தது திரும்ப அதே ஊருக்கு வரவா என்று கேட்டாள்.

அந்த ஒழுங்கையே அப்படித்தான். பாதி வீடுகள் மலாயாப் பென்சன்காரருடையவை. ஆளாளுக்குத் தாங்கள் வேலை பார்த்த ஊரின் பெயரை மதிலில் எழுதி வைத்திருந்தார்கள். ஈப்போவில் மாடு கன்று போட்டுவிட்டதாம் என்பார்கள். கிள்ளானில் போய்க் கொஞ்சம் பழப்புளி வாங்கி வா என்று பிள்ளைகளை அனுப்புவார்கள். சிரம்பான் நாய் கடிக்கும், பார்த்துப் போ என்பார்கள். இரண்டு நாளில் அருமைநாயகியின் அழுகை நின்று சிரிப்புத் தொடங்கியது. தொடங்கினது தொடங்கினதுதான்.

பள்ளிக்கூடத்தில் பூமிசாத்திரம் படித்தபோது அது இன்னும் கூடிவிட்டது. யாழ்ப்பாணத்தில் இருப்பதுபோல இந்தியாவிலும் ஒரு திருநெல்வேலி இருந்தது. மட்டக்களப்பிலும் ஒரு கொக்குவில் இருந்தது. நெடுந்தீவுக்கு ஒல்லாந்தர் வைத்த பெயரில் அவர்களுடைய நாட்டிலேயே ஒரு பட்டினம் இருந்தது. மனிதர் பாட்டனின் பெயரைப் பேரப்பிள்ளைக்கு வைப்பதுபோல ஊர்களும் வைக்கின்றன என்று அவள் எழுந்து சொன்னாள். வகுப்பு முழுவதும் சிரித்தது. வாத்தியார் அவளை வெயிலில் நிறுத்தினார். அங்கே நின்றும் சிரித்தாள்.

வீட்டிலே சிரிக்க முடியாத ஒரு விஷயம் இருந்தது. பக்கத்து வளவுக்காரர் ஆழ்வாப்பிள்ளையும் மலாயாவிலிருந்து வந்தவர். அங்கே ஆசுப்பத்திரியில் மருந்து கட்டியவர். அவருடைய வீட்டுக்கும் 'தைப்பிங்' என்றுதான் பெயர். அவர் இரண்டு வருடம் முன்னரே வீடு கட்டிப் பெயரை உள்ளே வாசற்கதவுக்கு மேலே எழுதியிருந்தார். அதை அறியாமல் சோமசேகரத்தின் தம்பியார் தெருமதிலில் எழுதிவிட்டார். ஆழ்வாப்பிள்ளை உடனே தானும் மதிலில் எழுதுவித்தார். வெறுமனே எழுதவில்லை. 'அசல் தைப்பிங்' என்று எழுதுவித்தார்.

அன்றோடு இரண்டு பேருக்கும் பேச்சு அறுந்தது. சோமசேகரம் கடைசிக் காலத்தில் வேலை பார்த்தது தைப்பிங்குக்குச் சற்றுத் தள்ளிய போர்ட் வெல்ட் ஸ்டேசனில். அது வெறும் நண்டு விற்கிற இடம் என்று ஆழ்வாப்பிள்ளை ஊரெல்லாம் சொன்னார். ஆசுப்பத்திரியில் கிடந்தவனுக்கு ஊரைப்பற்றி என்ன தெரியும், அவன் கண்டது புண்களைத்தானே என்று சோமசேகரம் சொல்லி அனுப்பினார். ஒரு வீட்டுக்கு வந்த வண்டி ஓலை மற்ற வீட்டில் இறக்கப்படுவதும், மாட்டு வைத்தியர் சுகமான மாட்டுக்கு மருந்து பருக்கிவிட்டுப் போவதும் அந்த ஒழுங்கையில் வழக்கமாகிவிட்டது.

ஆண்களின் கோபம் பெண்களைச் சேரவில்லை. இரண்டு வளவுக்கும் நடுவே கிணற்றடியோடு கிளுவை வேலி இருந்தது. அதில் ஓர் ஆள் குனிந்து நுழைகிற அளவுக்கு ஒரு பொட்டு. அந்தப் பொட்டால் ஆழ்வாப்பிள்ளையின் மனைவி சிவக்கொழுந்து வருவாள். இந்தப் பக்கத்துப் பலகாரம் அங்கே போகும், அந்தப் பக்கத்துக் கத்தரிக்காய் இங்கே வரும். இரண்டு கிழவர்களுக்கும் ஒன்றும் தெரியாது.

அருமைநாயகிக்கு இருபத்திரண்டு வயது நடந்தபோது மூன்று பகுதியார் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். மூன்றும் சரிவரவில்லை. பெட்டைக்குச் சிரிப்புக் கூட என்று ஒரு பகுதியார் வெளிப்படையாகவே சொன்னார்கள். அவள் அதற்கும் சிரித்தாள். நாலாவதாகத் தரகர் முத்துக்குமாரு உடுப்பிட்டியிலிருந்து ஒரு வாத்தியாரின் படத்தைக் கொண்டுவந்தார். பெயர் சீவரத்தினம். படத்தைக் கண்டதும் அருமைநாயகியின் சிரிப்பு நின்றுவிட்டது. பண்டத்தரிப்பில் நடந்த பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் சாக்கு ஓட்டத்துக்கு நடுவராக வந்தவர் அவர். கயிற்றில் கால் தடுக்கி, ஓடின பிள்ளைகளுக்கு முன்னால் தானே விழுந்து, எல்லோருக்கும் முந்தித் தானே சிரித்தவர். அந்தச் சிரிப்பை அவள் மறக்கவில்லை. இந்த ஆளைத்தான் கட்டவேண்டும் என்று அந்த நிமிடமே தீர்மானித்தாள். வெளியே சொல்லவில்லை. இரண்டு கோப்பை தேத்தண்ணீர் குடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு. ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு இராகுகாலம் தொடங்கிவிடும், அதற்கு முன்னர் பேசி வெற்றிலை மாற்றவேண்டும். சரிவருமட்டும் கண்ணூறு படக்கூடாது என்று தாய் இந்தச் செய்தியைச் சிவக்கொழுந்துக்குக்கூடச் சொல்லவில்லை. அருமைநாயகி விடியவே எழும்பிப் பயற்றம் பணியாரமும் சீனி அரியதரமும் முறுக்கும் சுட்டாள். முத்துக்குமாரு சைக்கிளில் வந்து வீட்டைக் காட்டுவதாகச் சொல்லியிருந்தார். வழியில் சைக்கிளுக்குக் காற்றுப் போய்விட்டது.

ஆகவே உடுப்பிட்டியார் வீட்டின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு தாங்களாகவே வந்தார்கள். கார் ஒழுங்கைக்குள் திரும்பியதும் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு தைப்பிங். சாரதி காரை நிற்பாட்டி எந்த வீடு என்று கேட்டான். சீவரத்தினத்தின் தாய் சின்னாச்சி எதிலும் கண்டிப்பான மனுசி. இரண்டு மதிலையும் வாசித்துப் பார்த்தாள். அசல் என்று ஒன்று இருக்கும்போது மற்றதுக்குள் போய்ப் பெண் பார்ப்பதா என்று கேட்டாள். கார் ஆழ்வாப்பிள்ளையின் வீட்டுக்குள் போனது.

வந்தவரைப் பார்த்து என்ன அலுவலாக வந்தீர்கள் என்று கேட்பது அந்தப் பக்கத்தில் மரியாதையல்ல. கதிரை போட்டு, பலகாரம் வைத்து, அவர்களாகச் சொல்லுமட்டும் காத்திருக்கவேண்டும். அதோடு ஆழ்வாப்பிள்ளைக்குக் கேட்கவேண்டிய தேவையும் இருக்கவில்லை. அவருடைய மகன் இராசநாயகத்துக்கும் அதே முத்துக்குமாருதான் பெண் தேடிக்கொண்டிருந்தார். உடுப்பிட்டி இருக்கிற வடமராட்சிப் பக்கத்துப் பெண்பகுதியார் ஒருநாளைக்கு மாப்பிள்ளையைப் பார்க்க வருவார்கள் என்று சொல்லியும் வைத்திருந்தார். இவர்கள்தான் அவர்கள் என்று ஆழ்வாப்பிள்ளை எண்ணிக்கொண்டார்.

சிவக்கொழுந்து பொட்டால் ஓடிவந்தாள். திடீரென்று ஆட்கள் வந்துவிட்டார்கள், வீட்டில் ஒரு முறுக்குக்கூட இல்லை என்றாள். அருமைநாயகியின் தாய்க்கு மனமில்லைத்தான். ஆனாலும் மறுக்கமுடியாமல் ஒரு தட்டம் நிறையக் கொடுத்துவிட்டாள்.

மூன்று மணி போய் மூன்றரையும் ஆனது. பக்கத்து வளவுக்கு வந்த காரைத் தவிர ஒழுங்கையில் வேறு கார் சத்தம் இல்லை. மணிப்புரிச் சேலை கட்டி, தலைநிறையப் பூ வைத்து உட்கார்ந்திருந்த அருமைநாயகிக்கு இருக்கவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. கிணற்றடிப் பக்கம் போய் வேலிப் பொட்டுக்குள்ளால் எட்டிப் பார்த்தாள். பக்கத்து வளவு மாமரத்தின் கீழே ஒரு கறுப்பு ஏ-போட்டிக் கார் நின்றது. விறாந்தையில் சீவரத்தினம் இருந்து அவள் சுட்ட பணியாரத்தைத் தின்றுகொண்டிருந்தார்.

உள்ளே ஓடித் தகப்பனிடம் சொன்னாள். நீங்கள் ஒருக்கால் போய்க் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று மன்றாடினாள். சோமசேகரம் சாய்மனைக் கதிரையை ஒழுங்கைக்கு முதுகு காட்டித் திருப்பிப் போட்டார்.

"அசல் எண்டு எழுதினவனிட்டைப் போனவை அவனோடையே இருக்கட்டும். நான் உந்த வளவுக்குள்ளை கால் வையன்."

தாய் அழத் தொடங்கினாள். மணி நாலை நெருங்கியது. அருமைநாயகி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பொட்டுக்குள் நுழைந்தாள். பூவில் பாதி கிளுவையிலே மாட்டிக்கொண்டது.

ஆழ்வாப்பிள்ளை வீட்டுக் குசினிக்குள் நின்றுகொண்டு கதவிடுக்கால் விறாந்தையைப் பார்த்தாள். அங்கே இரண்டு மாப்பிள்ளைப் பகுதியார் எதிரெதிராக இருந்து, மற்றவர் பெண்ணைப்பற்றிப் பேச்செடுக்கட்டும் என்று ஒருவரையொருவர் பார்த்துப் புன்னகை செய்துகொண்டிருந்தார்கள். ஆழ்வாப்பிள்ளை தன் மகனின் உத்தியோகத்தைப் புகழ்ந்தார். சீவரத்தினத்தின் தகப்பன் தன் மகனின் உத்தியோகத்தைப் புகழ்ந்தார். பெண்பகுதியார் தங்கள் வீட்டுப் பெடியனை இவ்வளவு புகழ்கிறார்களே என்று இரண்டு பக்கமும் யோசித்தது. கடைசியில் சீவரத்தினத்தின் தகப்பன் பொறுமையிழந்து, நேரம் போகிறது, பார்க்க வந்த ஆளைக் கூப்பிடுங்கள் என்றார். ஆழ்வாப்பிள்ளை குரல் கொடுத்தார். முகத்துக்குப் பவுடர் போட்டு, நீளக் காற்சட்டையும் சப்பாத்துமாக இராசநாயகம் வந்து நடுவிலே நின்றான்.

சின்னாச்சி அவனுக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தாள். என்னவாவது கேட்கவேண்டுமே என்பதற்காகச் சீவரத்தினத்தின் தகப்பன், தம்பி எதுவரை படித்தீர் என்று கேட்டார்.

அருமைநாயகி சிவக்கொழுந்தின் கையிலிருந்த கோப்பித் தட்டத்தைப் பறித்துக்கொண்டு வெளியே போனாள். பக்கத்து வீட்டுப் பெண் சோடித்துக்கொண்டு தன் விறாந்தையில் நிற்பதைக் கண்டு ஆழ்வாப்பிள்ளை வாயைத் திறந்தபடி இருந்தார். அவள் நேரே சின்னாச்சிக்கு முன்னால் போய் நின்றாள்.

"மாமி, நான் மற்றத் தைப்பிங். நீங்கள் பாக்க வந்தது என்னைத்தான். வடிவாப் பாத்திட்டுச் சொல்லுங்கோ, நாலரைக்கு இராகுகாலம்."

சின்னாச்சி அவளைப் பார்த்தாள். இராசநாயகத்தைப் பார்த்தாள்.

"அப்ப இந்தத் தம்பி ஆர்?"

"இவர் இராசன் அண்ணை. இவரும் உங்கடை மகனைப்போலை பொம்பிளை தேடுறார்."

சீவரத்தினத்தின் வாயிலிருந்த முறுக்கு மேசைவரை பறந்தது. கண்ணாடியைக் கழற்றி லேஞ்சியால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். இராசநாயகம் பெரிய பாரம் இறங்கினவனாகப் பக்கத்துக் கதிரையில் விழுந்து அவனும் சிரித்தான். ஆழ்வாப்பிள்ளை மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சின்னாச்சி சிரிக்கவில்லை. எடுத்த கோப்பியை வாயில் வைக்காமல் தட்டத்திலேயே திரும்ப வைத்தாள்.

"பிள்ளை நல்ல பிள்ளைதான். ஆனா ஒரு வீட்டிலை கை நனைச்சிட்டு மற்ற வீட்டிலை சம்பந்தம் பேசுறது எங்கடை பகுதியிலை இல்லை. இன்னொரு நாளைக்குப் பாப்பம்."

இன்னொரு நாள் என்றால் என்ன அர்த்தம் என்று மூன்று தரம் பட்ட அருமைநாயகிக்குத் தெரியும். சின்னாச்சி எழும்பவும் சிவக்கொழுந்து குசினியிலிருந்து வந்தாள். புருசனின் முகத்தைப் பாராமல் சொன்னாள்.

"அக்கா, நீங்கள் இஞ்சை கை நனைக்கேல்லை. கோப்பி அப்பிடியே கிடக்கு. திண்ட பலகாரம் முழுக்க இவையின்ரை வீட்டது. நான் வேலிப் பொட்டாலை வாங்கியந்தது."

ஆழ்வாப்பிள்ளை எழுந்தே விட்டார். எவ்வளவு காலமாக இது நடக்கிறது என்று கேட்டார்.

"பத்து வருசமா நீங்கள் ருசியாயிருக்கு எண்டு தின்னுற அரியதரம் ஆர் சுட்டதெண்டு நினைச்சியள்?"

அவர் திரும்ப இருந்துவிட்டார்.

சின்னாச்சி பணியாரத் தட்டத்தைக் காட்டி இதைச் சுட்டது யார் என்று கேட்டாள். நான்தான் என்று அருமைநாயகி சொன்னாள். சின்னாச்சி இன்னொரு பணியாரத்தை எடுத்தாள். எல்லோரும் பார்த்திருக்க, அவசரப்படாமல், மென்று மென்று முழுவதையும் தின்று முடித்தாள். பிறகு நன்றாகச் சாய்ந்து இருந்துகொண்டு, பிள்ளையின் தகப்பனாரைக் கூப்பிடுங்கள் என்றாள்.

யார் கூப்பிடுவது? ஆழ்வாப்பிள்ளை சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். தன் கேற்றால் போய் அடுத்த கேற்றைத் திறந்தார். அங்கே என்ன பேசினார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. சற்று நேரத்தில் இரண்டு பேரும் போர்ட் வெல்டைப்பற்றிச் சண்டை பிடித்துக்கொண்டு ஒன்றாக வந்தார்கள். அருமைநாயகியின் தாய் பின்னால் வெற்றிலைத் தட்டத்தோடு ஓடிவந்தாள். நாலரைக்குச் சற்று முன்னர், அசல் தைப்பிங் விறாந்தையில், மற்றத் தைப்பிங் பெண்ணுக்கு வெற்றிலை மாறியது. சைக்கிளை உருட்டிக்கொண்டு வேர்க்க விறுவிறுக்க வந்த முத்துக்குமாரு, இரண்டு கிழவர்களும் ஒரே தட்டத்தில் பாக்கு எடுப்பதைக் கண்டு, தான் வேறு ஒழுங்கைக்குள் வந்துவிட்டேனோ என்று வெளியே போய் மதிலைப் பார்த்துவிட்டு வந்தார்.

அருமைநாயகி குசினிக் கதவுக்குப் பின்னால் சிவக்கொழுந்தின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சீவரத்தினம் வெறும் தட்டைக் கையில் எடுத்து, கதவுப்பக்கம் பார்த்து, இன்னும் ஒன்றிரண்டு பணியாரம் கிடைக்குமா என்று மெல்லக் கேட்டார். பெரியவர்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

"முடிஞ்சுது. இனி உடுப்பிட்டிக்கு வந்துதான் சுடவேணும்" என்று கதவுக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது.

அடுத்த ஆவணியில் வந்து சுட்டாள்.