கட்டிப்போட்ட பந்தி

பட்டிண்டாப் பக்கம் பச்சித்தர் சிங்கின் குரல் தெரியாத காது கிடையாது. மாடியில் இரண்டு கட்டில்களை நிறுத்திக் கட்டி ஒலிபெருக்கியை மாட்டிவிட்டால் போதும், ஒற்றைத் தந்தித் தும்பி வாத்தியத்தை மீட்டிக்கொண்டு மூன்று ஊருக்குக் கேட்கப் பாடுவார். சின்ன வயதில் அப்பா அடித்தும் விடாமல் முப்பது வருடம் கல்யாணம் கல்யாணமாகப் பாடித் தீர்த்தவர். அப்புறம் கதவிடுக்கில் ஒரு சீட்டு வந்தது. ஆட்டம்பாட்டு மதத்துக்கு ஆகாது, இனிக் கல்யாணத்தில் பாடினால் உயிர் இருக்காது என்று தனிநாடு கேட்டுத் திரிந்த துப்பாக்கிக்காரர்கள் எழுதியிருந்தார்கள். சீட்டை மதிக்காத ஒரு டோல் மேளக்காரன் கோதுமை வயலில் பிணமாகக் கிடந்தான். பச்சித்தர் வாயை மூடிக்கொண்டார். வீரமெல்லாம் பாட்டில்தான், ஆள் பயந்த சுபாவம்.

இரண்டு வருடம் கழித்து அண்ணன் மகனுக்கு மோகா பக்கம் பெண் எடுத்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்து தட்டு வந்ததுமே, பெண்ணின் அத்தை மாடியிலிருந்து ஒரு பாட்டுப் பாடிப் பந்தியைக் கட்டிப்போட்டாள். அந்தப் பக்கத்து வழக்கப்படி, மாப்பிள்ளை வீட்டார் பதில் பாட்டால் அவிழ்க்காமல் ஒரு வாய் தொடக்கூடாது. தொட்டால் மானம் போயிற்று.

அந்த நேரம் பார்த்துப் போர்வை போர்த்திய இரண்டு இளைஞர்கள் வந்து பந்தியின் கடைசியில் உட்கார்ந்தார்கள். போர்வைக்குள் என்ன இருக்கிறதென்று எல்லோருக்கும் தெரியும். யாரும் கேட்கவில்லை, அவர்களுக்கும் தட்டு வைத்தார்கள்.

"என்ன சம்பந்தி, ஊமைங்களா பாத்துப் பொறுக்கிக் கூட்டிட்டு வந்தீங்களா?" என்றாள் அத்தை.

அண்ணன் தலை குனிந்தார். எல்லார் கண்ணும் பச்சித்தர் மேல். வாயைத் திறந்தால் தன் உயிர், மூடினால் அண்ணன் மானம். தட்டில் பருப்பு ஆறி ஏடு கட்டியது. போர்வைக்காரர்களில் மூத்தவன் ரொட்டியையே பார்த்தான். தொடவில்லை. அவனும் அந்த மண்ணில் பிறந்தவன்தானே.

"சித்தப்பா, அவுத்து விடுங்க. சாப்பிட்டு ரெண்டு நாளாச்சு," என்றான் அவன், பச்சித்தரிடம்.

பச்சித்தர் பாடினார். முதலடி நடுங்கியது, இரண்டாமடியில் குரல் அதன் இடத்துக்கு வந்துவிட்டது. ரொட்டியை அவிழ்த்தார், பருப்பை அவிழ்த்தார், அல்வாவை அவிழ்த்தார், கடைசியில் அத்தையின் நாக்கை முடிச்சுப் போட்டு மாடியிலேயே விட்டார். மாடியே சிரித்தது.

கை கழுவும்போது மூத்தவன் பக்கத்தில் வந்து, இது இன்றைக்கு மட்டும்தான், சீட்டு சீட்டுதான் என்றான். பச்சித்தர் தலையாட்டினார். வாய்தான் சும்மா இருக்கவில்லை.

"நாளைக்கு வேற கல்யாணத்துல பசிச்சா, யாரைத் தம்பி அவுக்கச் சொல்லுவ?"

அவன் ஈரக் கையைப் போர்வையில் துடைத்துக்கொண்டு போய்விட்டான்.

அடுத்த மாதம் ஜைத்தோவில் ஒரு கல்யாணத்தில் பச்சித்தர் பாடினார். பாடிய நேரமெல்லாம் அவர் கண் வாசலிலேயே இருந்தது.