சீதன வீடும் குடும்பத் தலைவரும்

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குரியது. உம்மாவும் வாப்பாவும் மகளுக்குக் கட்டிக் கொடுப்பார்கள். மாப்பிள்ளை அதில் வந்து குடியேறுவார். ஒத்துவராமல் பிரிந்தால், தன் சாரன்களை மடித்து எடுத்துக்கொண்டு வெளியேற வேண்டியவர் அவர்தான். எங்கள் குடிக்காக, அதாவது தாய்வழிச் சொந்தங்களுக்காக, பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருந்த மரைக்காருக்கு இது தெரியாததல்ல. முப்பது வருடமாக மனைவியின் சீதன வீட்டில் உண்டு உறங்கிய மனிதர் அவர்.

சுனாமிக்குப் பிறகு அவர் திடீரென்று பெரிய ஆளானார். புது வீடு யாருக்கு என்ற பட்டியல் பள்ளிவாசலில்தான் தயாரானது. என் கையெழுத்து அழகு என்று என்னைப் பக்கத்தில் இருத்தி எழுத வைத்தார். அதில் எனக்குப் பெருமை வேறு.

படிவத்தில் ‘குடும்பத் தலைவர்’ என்றொரு கட்டம் இருந்தது. அதில் ஆண்களின் பெயரை மட்டும் எழுதச் சொன்னார் மரைக்கார். கடல் அடித்துப் போன தன் வீட்டுக்காக என் உடன்பிறந்த ராத்தாவும் வந்து நின்றார். அவரது கணவர், என் மச்சான், இரண்டு வருடத்துக்கு முன்பே மாவடிப்பள்ளியில் வேறு கல்யாணம் முடித்துப் போனவர். நிவாரண அரிசியின் வாசம் பிடித்துத் திரும்பி வந்து, மரைக்காருக்குக் குடை பிடித்துத் திரிந்துகொண்டிருந்தார்.

“அது என்ட உம்மா தந்த ஊடு. என்ட பேர்ல போடுங்க மரைக்கார்” என்றார் ராத்தா.

“ஆம்புள உசிரோட இரிக்கக்குள்ள பொம்புள எப்பிடிப் புள்ள தலைவராகிற?” என்று கேட்டுவிட்டு, மரைக்கார் என் பக்கம் திரும்பி, எழுது என்று தலையாட்டினார்.

எழுதினேன். மச்சானின் பெயரை, எழுத்து கொஞ்சமும் கோணாமல் எழுதினேன்.

அதே படிவம்தான் நற்பிட்டிமுனைப் பக்கத்தில் வேலை செய்த ஒரு தமிழ்ப் பெண் கிராம சேவகரிடமும் போனது. அந்த அம்மா அழிந்த வீடு யாருடையதென்று அயலவரிடம் விசாரித்து, பெண்களின் பெயரையே கட்டத்தில் நிரப்பினாராம். தலைவருக்கு மீசை இருக்க வேண்டுமென்று எங்கே எழுதியிருக்கிறது என்று மேலதிகாரியையே கேட்டாராம். அந்த அம்மாவுக்கு இருந்ததும் ஒரு பேனையும் ஒரு முத்திரையும்தான். எங்கள் மரைக்காருக்கு அதற்கு மேல் ஊரே இருந்தது. என்ன பிரயோசனம்?

வீடு வந்தது. கதவுத் திறப்பை மச்சான் வாங்கினார். மாவடிப்பள்ளி மனைவி அதில் குடியேறினார். ராத்தா என் வீட்டுக் குசினிக்குப் பக்கத்து அறைக்கு வந்தார்.

யுத்தம் முடிந்த வருடம், மரைக்கார் என் வீடு தேடி வந்தார். தன் மகளுக்குக் கல்யாணம் பேசியிருந்தார். சீதன வீட்டை எழுத வேண்டும், உறுதி முடிக்கும் நொத்தாரிசிடம் கொடுக்க விபரம் எழுதித் தரச் சொன்னார். யார் பெயரில் என்று வேண்டுமென்றே கேட்டேன்.

“மகள்ட பேர்லதான். இந்தக் காலத்து ஆம்புளயள நம்பேலா” என்றார் கூச்சமே இல்லாமல்.

பேனையை மூடி வைத்தேன். அப்போது ராத்தா தேத்தண்ணியோடு வந்தார். எல்லாம் அவர் காதில் விழுந்திருந்தது.

“எழுதிக் குடு தம்பி. அந்தப் புள்ளயாவது ஊட்டோட இரிக்கட்டும்” என்றார்.

எழுதிக் கொடுத்தேன். மரைக்கார் தேத்தண்ணியைக் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, சீனி குறைவு என்றார்.