கரையில் ஆள் நடமாட்டம்

மதகுக்காரருக்குப் பொதுப்பணித் துறை கொடுத்திருந்த வேலை உள்ளங்கையில் அடங்குகிற அளவுதான். காலையில் கால்வாய்க் கரையோடு நடந்து போய், மதகின் இரும்புச் சக்கரத்தைச் சுற்றித் தண்ணீரைத் திறக்க வேண்டும். சாயங்காலம் போய் மூட வேண்டும். இரண்டுக்கும் நடுவே கிடக்கிற முழுப் பகலை என்ன செய்வது என்று எந்த உத்தரவிலும் யாரும் எழுதி வைக்கவில்லை. அது அவர் பாடு.

கரையின் இந்த முனையில் அவர் வீடு, அந்த முனையில் மதகு. வீடு என்றால் ஓர் அறை, ஒட்டினாற்போல் ஓர் அடுக்களை, கால்வாயைப் பார்த்து ஒரு ஜன்னல். மனைவி இருந்தவரை அந்த அறையில் சண்டை போடவே இடம் போதாது. அவள் போன பிறகு அதே அறை எங்கிருந்து அவ்வளவு இடத்தைப் பிடித்துக்கொண்டு வந்ததோ தெரியவில்லை. தொலைக்காட்சியில் செய்தி வாசிக்கிற பெண் வணக்கம் சொன்னால் இவரும் திருப்பிச் சொல்வார். அது பரவாயில்லை, மரியாதை. ஒரு நாள் அவள் விலைவாசி பற்றி மும்முரமாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது, "அதை விடும்மா, சாப்டியா?" என்று கேட்டுவிட்டார். கேட்ட பிறகு அவருக்கே தூக்கிவாரிப் போட்டது. பெட்டியை அணைத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கரைக்கு இறங்கினார்.

அன்று பிடித்த நடைதான். ஆனால் சும்மா நடக்கிறோம் என்று ஒப்புக்கொள்ளக் கூச்சம். கேட்பதற்கு அங்கே ஈ காக்காய் கிடையாது, இருந்தாலும் கூச்சம். அதனால் ஒருமுறை வாளியைத் தூக்கிக்கொண்டு போவார், என்னவோ அள்ளப் போகிறவர் மாதிரி. அடுத்த முறை குடை; குடைக்கு வெயிலோ மழையோ ஒரு சாக்கு எப்போதும் உண்டு. அதற்கடுத்து, செயின் அறுந்த சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவார். ரிப்பேருக்குக் கொண்டுபோகிற முகத்தோடு போய், ரிப்பேர் முடித்த முகத்தோடு திரும்புவார். செயின் அப்படியே தொங்கும்.

மழை பெய்தால் மனைவியின் மழைக்கோட்டைப் போட்டுக்கொள்வார். ரோஜா நிறம். அவளுடைய அகலத்துக்கு வாங்கியது, இவரை முழுசாக விழுங்கி ஏப்பம் விடும். இவருக்கென்று நல்ல கோட்டு ஒன்று இருந்தது. அது ஆணியில் தொங்கியது.

தொலைதூர நகரத்தில் வேலை பார்க்கிற மகள் வாரத்துக்கொரு முறை போன் செய்வாள். எடுத்ததுமே கேட்கிற கேள்வி ஒன்றுதான்.

"அப்பா, தனியாவா இருக்கீங்க?"

"தனியாவா? நீ வேற! கரையில ஆளுங்க போறதும் வர்றதுமா ஒரே கும்பல். கொஞ்சம் ஒதுங்கி உக்காரலாம்னா முடியல."

"யாருப்பா அவ்வளவு பேரு?"

"குடையோட ஒருத்தர் வருவார். வாளிக்காரர் ஒருத்தர். சைக்கிள்காரன் ஒருத்தன், அவன் சைக்கிள்ல ஏறி நான் பார்த்ததே இல்ல."

"குடைக்காரர்கிட்ட பேசுவீங்களா?"

"பேசலாம். ஆனா அவருக்குக் காது கொஞ்சம் மந்தம்."

மகள் சிரிப்பாள். வேலையை விட்டுவிட்டு இங்கே வந்து உட்காரட்டுமா என்று அதற்குமுன் கேட்கத் தொடங்கியிருந்தவள், குடைக்காரர் வந்த பிறகு கேட்பதை விட்டுவிட்டாள். அவருக்கு வேண்டியது அதுதான்.

இப்படி இருக்கையில்தான் பாதைப் பேச்சு வந்தது. கால்வாய்க்கு அப்பால் குதிரையேற்றம் சொல்லித்தருகிற கூடம் ஒன்று உண்டு. அதை நடத்துகிறவரை ஊரே குதிரைக்காரர் என்றுதான் கூப்பிடும். குதிரைகளும் நடைப்பயிற்சிக்காரர்களும் சேர்ந்து போகிற மாதிரி கரைமேல் ஒரு பாதை போட வேண்டும் என்று அவர் நகரசபையைப் பிடித்துத் தொங்கினார். சபையும் தலையாட்டியது. அந்தச் சந்தோஷத்தில் மதகுக்காரர் வீட்டு வாசலுக்கே வந்து நின்றார்.

"அண்ணே, பாதை மட்டும் வரட்டும், உங்க வாசல்ல பெஞ்சு போடறோம். ஞாயித்துக்கிழமைன்னா உங்க வீட்டுக்குள்ள போகவே நீங்க கூட்டத்தை விலக்கிட்டுத்தான் போகணும்."

"குதிரை போட்டுட்டுப் போறதை யாரு அள்றது?"

"அதுக்குன்னு தனியா ஆள் வைப்போம்ணே. அவனும் உங்களுக்குப் பேச்சுத்துணைதானே!"

மதகுக்காரர் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டார். குதிரைக்காரர் போனதும் கடைக்குப் போய்ப் புதுத் தம்ளர்கள் வாங்கி வந்து, கழுவி, வரிசையாகக் கவிழ்த்து வைத்தார்.

ஆனால் பாதை போடுமுன் சுற்றுச்சூழல் ஆய்வு நடக்க வேண்டும், அது சட்டம். அதற்காக முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு பெண் வந்தாள். வந்த அன்றே சேற்றில் குப்புறப் படுத்து, கரை நடுவே சாய்ந்து நின்ற மரத்தின் வேருக்கடியில் எட்டிப் பார்த்தாள். எழுந்தபோது மூக்கு நுனி வரை சேறு, முகமெல்லாம் பல்.

"சார், நீர்நாய்! குட்டி போட்டிருக்கு. உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன? என்னைவிடப் பெரிய குடும்பம் அது."

அவள் மரங்களில் கேமராக்களைக் கட்டினாள். குறுக்கே எது போனாலும் அவை தானாகப் படம் பிடிக்கும். கட்டிக்கொண்டே கேட்டாள், "இந்தப் பக்கம் ஆளுங்க நடப்பாங்களா சார்?"

நேரான கேள்வி. நேராகப் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் மகளிடம் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய் அவரைக் கேட்காமலே திறந்துகொண்டது.

"நடக்காம? போறதும் வர்றதுமாத்தான் இருப்பாங்க."

பருவம் ஒன்று கழிந்தது. ஒரு நாள் மகள் வழக்கமான நாளுக்கு முன்பே போன் செய்தாள். குரலில் ஏகக் குஷி.

"அப்பா! ஆய்வறிக்கையை நெட்ல போட்டிருக்காங்க. குடைக்காரர் படம் இருக்கு! வாளிக்காரர் இருக்கார்! நான்கூட நீங்க என்னைச் சமாதானப்படுத்தக் கதை விடறீங்களோன்னு உள்ளுக்குள்ள நினைச்சிட்டிருந்தேன்ப்பா. மன்னிச்சிடுங்க."



மறுநாள் ஆய்வுக்காரப் பெண் கேமராக்களைக் கழற்ற வந்தபோது, புதுத் தம்ளரில் டீ கொடுத்து மெதுவாக விசாரித்தார். "படத்துல ஆளுங்க முகம் தெரியுமா மேடம்?"

"தெரியாது சார். யாரோட அந்தரங்கமும் வெளிய போகக்கூடாதுன்னு விதி. முகத்தை மங்கலாக்கின பிறகுதான் எங்க கைக்கே படம் வரும். துணிமணி, கையில இருக்கிற சாமான், இதை வெச்சுத்தான் ஆளைப் பிரிப்போம்." டீயை ஊதினாள். "உங்க நல்ல நேரம், கரை இவ்வளவு பரபரப்பா இருக்கு. இத்தனை பேர் நடந்தும் நீர்நாய் வளையை விட்டுப் போகலைன்னா, அதுக்கு மனுஷங்க பழகிடுச்சுன்னு அர்த்தம். பாதை வந்தாலும் பாதிக்காது. ஆள் இல்லாத கரையா இருந்திருந்தா, கரைக்குப் பின்னால இருக்கிற மேட்டுக்கு அந்தப் பக்கமா பாதையைக் கொண்டு போங்கன்னுதான் எழுதியிருப்பேன்."

அவள் போன பிறகு மதகுக்காரர் தம்ளரைக் கழுவிக்கொண்டே யோசித்தார். முன்பு ஒருமுறை மதகைப் பழுதுபார்க்க ஆட்கள் வந்து ஒரு பகல் சத்தம் போட்டதற்கே, தாய் நீர்நாய் குட்டிகளை வாயில் கவ்விக்கொண்டு போனது. அந்த வருஷம் முழுக்கத் திரும்பவில்லை. அது பழகியது மனுஷர்களுக்கு அல்ல, இவர் ஒருத்தருக்கு. இவருடைய செருப்புச் சத்தத்துக்கு அது தலையைக்கூடத் தூக்காது. குதிரைக் குளம்பு விழுந்தால் ஒரே நாளில் காலி செய்துவிடும்.

உண்மையைச் சொன்னால் அது இருக்கும். ஆனால் பாதை மேட்டுக்கு அந்தப் பக்கம் போய்விடும். பெஞ்சு கிடையாது, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் கிடையாது. போகட்டும் என்றால், மகளுக்குத் தெரிந்துவிடுமே! குடைக்காரருக்குக் காது ஏன் மந்தம் என்பது தெரிந்துவிடுமே. நாம் பொய் சொல்லவில்லை, கேமராதான் சொல்கிறது, நாம் வாயைத் திறக்காவிட்டால் போதும் என்று முடிவு கட்டினார். முடிவு கட்டியவருக்கு அன்று சோறு இறங்கவில்லை.

நகரசபைக் கூடத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம். பிளாஸ்டிக் நாற்காலிகள், கீச்சிடுகிற மைக், மேலே ஒரு மின்விசிறி எல்லோருக்கும் பொதுவாகச் சுற்றி யாருக்கும் காற்றுக் கொடுக்காமல் இருந்தது. ஆய்வுக்காரப் பெண் திரையில் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினாள். முகம் மங்கிய குடைக்காரர். முகம் மங்கிய வாளிக்காரர். சைக்கிள் தள்ளுகிறவர். கடைசி வரிசையில் மதகுக்காரர் தன்னைத்தானே ஊரோடு சேர்ந்து வேடிக்கை பார்த்தார்.

அப்போது திரையில் ரோஜா நிறம் வந்தது. மழை, கரை, பெரிய மழைக்கோட்டு. குதிரைக்காரர் துள்ளி எழுந்தார்.

"இதைப் பாருங்க தலைவரே! ஒரு பொம்பளை, மழையில, தனியா, தைரியமா நடந்து போறாங்க. பாதுகாப்பு இல்ல, பாதுகாப்பு இல்லன்னு கத்துறவங்க இதுக்கு என்ன சொல்றீங்க? அந்தம்மாவுக்காகவாவது பாதை வேணாமா?"

கூட்டம் கை தட்டியது. அவர் மனைவியே உயிரோடு அந்தக் கரையில் நடந்துபோகிற மாதிரி ஊர் நம்பிக் கை தட்டுகிறது. மதகுக்காரரின் கால்கள் அவரைத் தூக்கி நிறுத்திவிட்டன.

"அது பொம்பளை இல்லைங்க."

"பின்னே?" என்றார் தலைவர்.

"நான்."

கூடம் இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது. "அண்ணே, அந்தக் கலர் உங்களுக்கு எடுப்பா இருக்கு!" என்று யாரோ கத்தினார்கள்.

"என் வீட்டுக்காரியோட கோட்டு. அவ இப்ப இல்ல." மைக்கை யாரோ அவர் கையில் திணித்தார்கள். "குடை வெச்சிருக்கிறதும் நான்தான். வாளியும் நான்தான். சைக்கிள் தள்றதும் நான்தான். அங்க வேற யாருமே வர்றதில்லைங்க. நீர்நாய்க்கு என்னைத்தான் தெரியும், வேற மனுஷங்களைத் தெரியாது."

சிரிப்பு பாதியில் நின்றது. ஆய்வுக்காரப் பெண் திரையைத் திரும்பிப் பார்த்தாள், பிறகு இவரைப் பார்த்தாள். தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"மதகுக்கு ரெண்டு தடவை போனாப் போதுமேப்பா. இத்தனை தடவை எதுக்கு நடக்கறீங்க?"

இந்தக் கேள்வி வரும் என்று அவர் நினைக்கவே இல்லை. சாக்குகள் எல்லாம் திரையில் முகம் மங்கி நின்றுகொண்டிருந்தன. கைவசம் புதிதாக ஒன்றும் இல்லை.

"வீட்டுக்குள்ள இருக்க முடியலைங்க," என்றார்.

மைக் அதையும் கூடம் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

அதன் பிறகு யாரும் எதிர்த்துப் பேசவில்லை. கணக்கு தவறு என்றும், அதைத் திருத்தி எழுதுவதாகவும் ஆய்வுக்காரப் பெண் தானே எழுந்து சொன்னாள். பாதை மேட்டுக்கு அந்தப் பக்கம் போனது. சில வாரங்களில் கரையின் இரு முனையிலும், மதகுப் பணியாளர் தவிர வேறெவரும் வரக்கூடாது என்று பலகையே நட்டுவிட்டார்கள்.

கூட்டம் முடிந்த அன்று, கூடத்து வாசலில் குதிரைக்காரர் அவரை மடக்கினார். "ஏண்ணே, இதை என்கிட்ட முன்னாடியே சொல்லியிருந்தா நானே மேட்டுப் பக்கம் கேட்டிருப்பேன்ல? அந்தம்மாவுக்காகன்னு நான் வேற தொண்டை கிழியக் கத்தி..." கோபமாகத்தான் ஆரம்பித்தார். முடிக்கத் தெரியாமல், இவர் தோளில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனார்.

மதகுக்காரர் நேரே போய் மதகை மூடினார். திரும்பிப் பாதிக் கரை வருவதற்குள் போன் அடித்தது. மகள்.

"பார்த்தேன்ப்பா."

"எதை?"

"கூட்டத்தை. நேரலையில ஓடிச்சு. ஆபீஸ்ல உக்காந்து பார்த்தேன்."

கால்வாய்த் தண்ணீர் மூடிய மதகில் முட்டி அடங்கிக்கொண்டிருந்தது.

"அப்பா."

"ம்."

"குடைக்காரருக்கு நிஜமாவே காது மந்தமா?"

"கொஞ்சம் மந்தம்தாம்மா. வயசாகுதில்ல."

அவள் சிரித்தாள். சிரிப்பு போகப்போக வேறு என்னவோ ஆகி, மூக்கை உறிஞ்சுகிற சத்தத்தில் முடிந்தது.

"இப்ப எங்க இருக்கீங்க?"

"கரையிலதான்."

"நானும் பஸ் இறங்கி ரூமுக்கு நடந்துட்டிருக்கேன். ஒண்ணும் பேச வேணாம்ப்பா. போனை மட்டும் வைக்காம நடங்க."

நடந்தார். அவள் பக்கம் வண்டிகள் ஹாரன் அடித்தன, யாரோ யாரையோ திட்டினார்கள், அவள் செருப்பு டக்டக்கென்று விரைந்தது. இவர் பக்கம் தண்ணீரும் தவளைகளும். சாய்ந்த மரத்தருகே வந்ததும் இவருடைய கால் தானாகவே மெல்லப் பதிந்தது.

"ஏம்ப்பா சத்தமே காணோம்?"

"குட்டிங்க தூங்கும்," என்று குசுகுசுத்தார்.

அந்தப் பக்கம் செருப்புச் சத்தமும் சட்டென்று மெதுவானது. ஹாரன்களுக்கு நடுவே, அவ்வளவு பெரிய நகரத்தில், எங்கோ ஒருத்தி நீர்நாய்க் குட்டிகளுக்காக அடிமேல் அடி வைத்து நடந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து, "லிஃப்ட் வந்துடுச்சுப்பா. உள்ள போனா கட் ஆயிடும்," என்றாள்.

"சரிம்மா. ஏறு."

கட் ஆனது. போன் இன்னும் கொஞ்ச தூரம் அவர் காதிலேயே இருந்தது. பிறகு அதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். வீட்டுக்கு இன்னும் கால்வாசிக் கரை பாக்கி இருந்தது.