எண் ஏறியபோது என் மனைவி செய்த ஜெபம்

சபையில் எழுந்து நின்று பேச எனக்கு வராது. அதனால் கர்த்தர் எனக்குச் செய்ததை எழுதித் தருகிறேன். நான் பொன்மலை ரயில்வே பணிமனையில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவன். இப்போது மனைவி ஸ்டெல்லாவுடன் ஸ்ரீரங்கத்தில் இருக்கிறேன்.

ஏழு வருடத்துக்கு முன் எனக்குப் புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் வந்தது. ஆபரேஷன் செய்து சுரப்பியை முழுவதுமாக எடுத்துவிட்டார்கள். அதன் பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை பி.எஸ்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனை. சுரப்பியே இல்லாததால் அந்த எண் பூஜ்ஜியத்தை ஒட்டித்தான் இருக்க வேண்டும். அப்படித்தான் இருந்தது. போன வருடம் ஈஸ்டர் முடிந்து எடுத்ததில் சற்று ஏறியிருந்தது. மூன்று மாதம் கழித்து இன்னும் ஏறியது.

“எங்கேயோ கொஞ்சம் செல் மிச்சம் இருக்குங்க. ஸ்கேன் எடுத்துப் பார்க்கணும். பழைய இடத்துலயே இருந்தா கதிர்வீச்சு கொடுக்கலாம். எலும்புக்குப் போயிருந்தா வைத்தியம் வேற,” என்றார் டாக்டர்.

எலும்பு என்ற சொல் மட்டும்தான் என் காதில் விழுந்தது. என் அண்ணன் இதே நோய் எலும்புக்குப் பரவி இறந்தார். கடைசி நாட்களில் தொட்டாலே அலறுவார்.

நான் ஸ்கேனுக்குப் போகவில்லை. “ஜெபம் பண்றேன், எண் இறங்கிடும்,” என்று ஸ்டெல்லாவிடம் சொன்னேன். உபவாசம் இருந்தேன். மறுபடி ரத்தம் கொடுத்தேன். எண் இரண்டு மடங்காகியிருந்தது. கர்த்தர் என்னைக் கைவிட்டுவிட்டார் என்று நினைத்தேன். வேதத்தைத் திறக்கவில்லை. ஆலயத்துக்குப் போனேன், உட்கார்ந்தேன், வந்தேன். அவ்வளவுதான்.

அந்த வாரம் ஒரு சாயங்காலம் குடும்ப ஜெபம். ஸ்டெல்லா எப்போதும் நீளமாக ஜெபிப்பாள். அன்று சுருக்கமாக முடித்துவிட்டாள்.

“இயேசப்பா, இவர் பயப்படுறார். நீங்களே இவரை ஸ்கேனுக்குக் கூட்டிட்டுப் போங்க. ஆமென்.”

பயமாக இருக்கிறது என்று நான் அவளிடம் சொன்னதே இல்லை. எனக்கு நானே கூடச் சொல்லிக்கொண்டதில்லை.

“நாளைக்குப் போலாமா?” என்றேன்.

“போலாங்க,” என்றாள்.

ஸ்கேன் முடிவு வந்தது. “எலும்பு சுத்தமா இருக்குங்க. ஆபரேஷன் பண்ண இடத்துல மட்டும் சின்னதா தெரியுது. இன்னும் தள்ளிப் போட்டிருந்தா கஷ்டமாயிருக்கும்,” என்றார் டாக்டர். ஸ்டெல்லா அப்போதுதான் அழுதாள்.

கதிர்வீச்சு பல வாரம் நடந்தது. மூத்திரப்பை நிறைந்திருந்தால்தான் அதைக் கொடுப்பார்கள். முதல் நாள் வீட்டிலேயே தண்ணீரைக் குடித்துவிட்டு பஸ் ஏறினேன். காவிரிப் பாலத்தில் நெரிசல், பஸ் நகரவில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு அடக்குவதே எனக்குப் பெரும்பாடு. வேட்டி நனைந்துவிட்டது. ஸ்டெல்லா ஒரு துண்டை எடுத்து என் மடியில் போட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். “நாளையிலேர்ந்து அங்கே போய்க் குடிச்சுக்கலாங்க,” என்றாள். கர்த்தர் எனக்குத் துணை தந்திருக்கிறார் என்பது அந்த பஸ்ஸில்தான் விளங்கியது.

சிகிச்சை முடிந்து எடுத்த பரிசோதனையில் எண் இறங்கியது. அடுத்ததில் இன்னும் இறங்கியது. முழுக் குணம் என்று டாக்டர் சொல்லவில்லை. தொடர்ந்து பார்க்க வேண்டும் என்கிறார். நானும் அதற்கு மேல் சொல்லவில்லை. ஆனால் ரத்தம் கொடுக்கப் போகும் நாளில் இப்போது ஆஸ்பத்திரி வாசலில் ஒரு நிமிடம் நிற்கிறேன். நன்றி சொல்லிவிட்டுத்தான் படியேறுகிறேன்.

போன மாதம் ஆராதனை முடிந்ததும் நம் சபைச் சகோதரர் ஒருவர் என்னைத் தனியே அழைத்தார். சிறுநீர் கழிக்கச் சிரமம், வீட்டில் சொல்லவில்லை என்றார்.

“முதல்ல வீட்ல சொல்லுங்க. ரெண்டு பேரும் சேர்ந்து ஜெபம் பண்ணுங்க. ஆஸ்பத்திரிக்கு நான் கூட வரேன்,” என்றேன்.

இதைப் படிக்கிற உங்களுக்கும் அதையேதான் சொல்கிறேன். பயத்தைக் கர்த்தரிடம் அப்படியே சொல்லுங்கள். அவர் கூட்டிக்கொண்டு போவார்.