பின்கண்ணாடியில் லோஜினி

இலங்கை மலைநாட்டுக் கம்பளையில், ஸ்டேஷனடியில் ஆட்டோ ஓட்டும் யோகராஜுக்குக் கூச்சக்காரர் என்று பெயர். தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்து, பதினெட்டு வயதில் டவுனுக்கு இறங்கியவர். மனைவி நிஷாந்தி குவைத்துக்கு வேலைக்குப் போய் இரண்டு வருடமாகிறது. மகள் லோஜினி கிடுகிடுவென்று வளர்ந்ததும், முகத்தில் பரு வந்ததும், காரணமே இல்லாமல் அழுது கதவைப் படாரென்று சாத்தப் பழகியதும் அந்த இரண்டு வருடத்தில்தான்.

அவள் பெரிய பிள்ளையான அன்று, தோட்டத்திலிருந்து அக்கா ராக்கம்மா வந்து சேரும்வரை வீட்டில் வேறு பெண் இல்லை. யோகராஜே பார்மசிக்குப் போனார். கடைக்காரர் நாப்கின் பாக்கெட்டைப் பத்திரிகைத் தாளில் சுற்றப் போனார்.

"சுத்த வேணாங்க. எம் புள்ளைக்குத்தான்" என்றார் யோகராஜ். அவ்வளவு சத்தமாகச் சொன்னது அவருக்கே ஆச்சரியம்.

தண்ணீர் வார்த்த சடங்கு வீட்டோடு முடிந்தது. அவருடைய சந்தோஷம் வீட்டோடு நிற்கவில்லை. தாவணி கட்டிய மகளின் படத்தைப் பெரிதாக அச்சடித்து, 'எங்கள் வீட்டு மகாராணிக்குப் பூப்புனித நீராட்டு' என்ற எழுத்தோடு ஆட்டோவின் பின்கண்ணாடி முழுக்க ஒட்டிவிட்டார்.

திங்கட்கிழமை, சீருடையோடு பள்ளிக்கூடம் போக வெளியே வந்த லோஜினி அதைப் பார்த்து அப்படியே நின்றாள்.

"யாரக் கேட்டு இத ஒட்டினீங்க?"

"அழகா இருக்கும்மா."

"அழகாத்தான் இருக்கு. ஆனா நான் பெரிய புள்ள ஆனத பஸ்ஸுல போற பசங்க எல்லாம் வாசிக்கணுமா? இதுல நான் வர மாட்டேன்ப்பா."

"அப்பனையே எதுத்துப் பேசுறியாடி?" என்று உள்ளிருந்து ராக்கம்மா கத்தினாள்.

"எதுத்துப் பேசல அத்தே. கேக்குறேன்."

குரல் நடுங்கியது. ஆனால் சொல்ல வந்ததைச் சொல்லி முடித்தாள். பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்துவிட்டாள்.

ஆசையாய்ச் செய்ததற்கு இதுவா என்று யோகராஜுக்கு முகம் தொங்கிப்போனது. ஸ்டேஷனடியில் ஆட்டோவை நிறுத்தினார். கொஞ்ச நேரத்தில் பின்னால் சிரிப்புச் சத்தம். யாரோ மூன்று பையன்கள் போனில் கண்ணாடியைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"மகாராணி எந்த ஸ்கூல்டா?" என்றான் ஒருவன்.

யோகராஜ் இறங்கியதும் ஓடிவிட்டார்கள். அவருக்குக் காது சுட்டது. காலையில் மகள் என்ன கேட்டாள் என்பது அப்போதுதான் முழுதாகப் புரிந்தது.

மண்ணெண்ணெயும் பிளேடும் வாங்கி வந்து சுரண்டத் தொடங்கினார். பக்கத்து ஆட்டோக்காரன் திவாகரன் பதறிப்போனான்.

"என்னண்ணே, நேத்துத்தானே ஒட்டினீங்க?"

"அவ வேணாம்னுட்டா."

"சின்னப் புள்ள சொன்னா கேக்குறதா?"

"சின்னப் புள்ள இல்லன்னுதானேடா ஊருக்கே ஒட்டிக் காட்டினேன்? காலையில எப்படிக் கேட்டா தெரியுமா! அழல, கதவச் சாத்தல. நேரா நின்னு கேட்டா. எனக்கு இந்த வயசுலயும் அது வராது." சொல்லும்போது அவருக்குச் சிரிப்பு வந்தது. படத்தில் இருந்த மகளைவிட அந்த மகள்தான் அவருக்கு இப்போது பெருமையாகத் தெரிந்தாள்.

பள்ளிக்கூடம் விடும் நேரம் வாசலில் போய்க் காத்திருந்தார். லோஜினி சிநேகிதிகளோடு வந்தாள். ஆட்டோவின் பின்பக்கம் சுற்றிப்போய்ப் பார்த்தாள். கண்ணாடியில் பசைத் தடம் மட்டும் திட்டுத்திட்டாய் இருந்தது.

அவள் அந்தத் தடத்தை விரலால் தடவிப் பார்த்தாள். சிநேகிதிகளைத் திரும்பிப் பார்த்து, "ஏறுங்கடி, எங்கப்பா ஆட்டோதான்" என்றாள்.